பஸ்ஸை ஒரு சனிக்கிழமை ஃபோர்ட் பக்கம் திருப்புங்கள்

மும்பையில் தமிழ் அமைப்புகளை நடத்திவரும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். நான் சயானில் ஃபிரேம் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பலர் வீட்டுக் கல்யாண போட்டோவும், காலமான பெரியவர்களின் படமும் என் கையால் கண்ணாடி போட்டவைதான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன வருஷக் கடைசியில் நம் அமைப்புகளில் ஒன்றின் கூட்டத்துக்கு வந்திருந்தேன். எது என்று சொல்லப் போவதில்லை. வேறு எங்கே கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். பிள்ளைகளை வருஷா வருஷம் கூட்டிப் போகும் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு ஓடியது. கேட்வே, மீன் காட்சியகம், நேரு அறிவியல் மையம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் எழுந்து, "இந்தத் தடவை ஃபோர்ட்டில் ஓர் ஆர்ட் கேலரிக்கு ரெண்டு மணி நேரம் போகலாமே" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஓர் அண்ணாச்சி, "அது கோடீஸ்வரன் படம் வாங்குற கடை. நமக்கு அங்க என்ன சோலி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்காமல், "உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டார். கடைசியில் வாட்டர் பார்க் என்று முடிவானது.

அண்ணாச்சிக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் கடையில் பீடிங் (ஃபிரேமுக்கான சட்டக் கட்டை) அறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் பதில் வந்தது. அது கடைதான், அண்ணாச்சி சொன்னதில் தப்பே இல்லை. கடை என்பதால்தான் தைரியமாகப் போகலாம் என்கிறேன். இன்னொன்றும் உண்டு. இந்த ஊரில் நவீன ஓவியத்துக்கு வீடாக இருந்த ஒரு கேலரி, என்னுடையதைப் போன்ற ஒரு ஃபிரேம் கடையிலிருந்துதான் கிளம்பியது. அந்தக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அவர்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கெமோல்ட் என்று பெயர். கேட்டால் ஏதோ வெள்ளைக்காரர் பெயர் மாதிரி இருக்கும். கெமிக்கல், மோல்டிங் என்ற இரண்டு சொல்லை வெட்டி ஒட்டியது அது. கெக்கூ காந்தி என்று ஒரு பார்சிக்காரர், 1920இல் பிறந்தவர். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் ஷாரூக் கானின் மன்னத் பங்களாவைப் பார்க்கக் கூட்டம் நிற்கிறதே, அதற்குப் பக்கத்து வீடான கெக்கீ மன்ஸில்தான் அவர் குடும்ப வீடு. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தவர் 1939இல் போர் தொடங்கியதும் திரும்பப் போக முடியாமல் பம்பாயில் தங்கிவிட்டார். ரோஜர் வான் டாம் என்ற பெல்ஜியக்காரரோடு பழக்கமாகி, இரண்டு பேருமாக 1941இல் படச் சட்டம் செய்யும் தொழிலில் இறங்கினார்கள். பழைய காலத்துப் பூ வேலைப்பாட்டு ஃபிரேம் ஒன்று செய்ய ஆசாரி உளியோடு நாள் கணக்கில் உட்கார வேண்டும். இவர்கள் ரசாயனக் கலவையை அச்சில் வார்த்து அதே பூவையும் கொடியையும் கொண்டுவந்தார்கள். கெமிக்கல் மோல்டிங் என்ற பெயர் அதனால் வந்தது.

இந்தத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வேலையின் உயிர் மூலையில் இருக்கிறது. நாலு பீடிங்கையும் 45 டிகிரியில் அறுத்துச் சேர்க்க வேண்டும். அரை டிகிரி பிசகினாலும் மூன்று மூலை சரியாக உட்கார்ந்து, நாலாவது மூலை வாயைப் பிளக்கும். அதில் மரத்தூளும் ஃபெவிக்காலும் பிசைந்து அடைத்துச் சாயம் பூசி வாடிக்கையாளரை ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற முடியாது. இந்த வேலையில் இருக்கிறவனுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். ஒரு படத்தை மேஜையில் போட்டு ஒரு மணி நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்வான். வாங்குகிறவரைவிட அதிக நேரம் பார்ப்பவன் அவன்தான். கெக்கூவுக்கு ஓவியப் பைத்தியம் இப்படிப் பிடித்திருக்கும் என்பது என் ஊகம். ஓவியர்கள் சட்டம் போட வந்தார்கள், அவர் படத்தைப் பார்த்தார். சில படங்களைக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். வெறும் ஃபிரேமைத் தொங்கவிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? உள்ளே ஒரு படம் இருந்தால்தான் ஃபிரேம் விற்கும். எந்த ஃபிரேம் கடைக்காரனுக்கும் தெரிந்த வித்தை இது. நான் சரஸ்வதி படத்தை வைக்கிறேன். அவர் ஆரா, ஹெப்பர், ஹுசைன், ரஸா என்ற ஓவியர்களின் படங்களை வைத்தார்.

அப்போது இவர்கள் யாரும் பெரிய ஆள் கிடையாது. ஆரா, ஹைதராபாத் பக்கத்திலிருந்து சிறுவனாக இந்த ஊருக்கு ஓடிவந்து, வீட்டு வேலை செய்து, கார் துடைத்துப் பிழைத்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்கும் போயிருக்கிறார். ஹுசைன் சினிமா பேனர் வரைந்தவர். நம் ஊரில் கட்-அவுட் வரைந்த ஆட்களைப் பார்த்திருப்பீர்களே, அதே சாரமும் அதே பெயின்ட் டப்பாவும்தான். சூஸா என்ற இன்னொரு ஓவியரை 1945இல் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டார்கள். 1947இல் சூஸா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, சிற்பி பாக்ரே என்று ஆறு பேர் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்கப் பேர் தெரிந்த குழு அது. அன்றைக்கு அவர்கள் படத்தை வாங்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் இருந்தார்கள்.

அந்தச் சிலரும் யார் என்று பாருங்கள். ஹிட்லருக்குத் தப்பி இந்த ஊரில் ஒதுங்கியவர்கள். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஓவிய இயக்குநராக இருந்த ஆஸ்திரியக்காரர் வால்டர் லாங்ஹாமர், அதே பத்திரிகையில் ஓவிய விமர்சனம் எழுதிய ஜெர்மன்காரர் ரூடி வான் லேடன், மருந்துக் கம்பெனி நடத்திய வியன்னாக்காரர் எமானுவேல் ஷ்லெசிங்கர். பிழைக்க வந்த ஊரில் பிழைக்க வந்தவர்களின் படத்தை வாங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வண்டியேறி வந்து, தாராவியிலும் அன்டாப் ஹில்லிலும் வேர் பிடித்த நமக்கு இது புரியாத கதை இல்லை.

இந்த ஊரில் ஓவியத்தை மாட்ட ஒழுங்கான ஒரு கூடம் கிடையாது என்று கெக்கூவும் விஞ்ஞானி ஹோமி பாபாவும் இன்னும் சிலரும் நச்சரித்ததில், சர் கவாஸ்ஜி ஜகாங்கீர் பணம் கொடுத்து, காலா கோடா பகுதியில் 1952இல் ஜகாங்கீர் ஆர்ட் கேலரி திறந்தது. நம்மில் சிலருக்கு இது தெரிந்த கட்டடம். வாசலில் ஓவியர்கள் உட்கார்ந்து ஆளைப் பார்த்து முகம் வரைந்து கொடுப்பார்களே, அதுதான். அங்கே இருந்த சமோவார் டீக்கடையில் ஓவியர்களும் வக்கீல்களும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். 2015இல் அதை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கோடாவை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்லியாக வேண்டும். ஜகாங்கீர் கூடம் கல்யாண மண்டபம் மாதிரி. தேதி கேட்டுக் காத்திருந்து, கிடைத்ததும் வாடகை கட்டி, ஓவியர் தன் படத்தை ஒரு வாரம் மாட்டிக்கொள்வார். விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகை போனது போனதுதான். தனியார் கேலரியின் கணக்கு வேறு. ஓவியர் வாடகை தர வேண்டாம். யாரை மாட்டுவது என்று கேலரிக்காரர் தேர்ந்தெடுப்பார். சுவரும் விளக்கும் அழைப்பிதழும் திறப்பு விழா டீயும் அவர் செலவு. படம் விற்றால் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கமிஷன். விற்கவில்லை என்றால் நஷ்டம் முழுக்க அவருக்கு. மளிகைக்கடைக்காரர் சரக்கை எடுத்து வைக்கிறார் என்றால் நாளைக்கு ஆள் வரும் என்று தெரியும். கேலரிக்காரருக்கு அது தெரியாது. வாங்கும் ஆள் இன்னும் பிறக்கவே இல்லை என்றுகூட ஆகலாம்.

1959இல் பால் சாப்டா என்ற ஓவியர் இந்த ஊரில் 'கேலரி 59' என்று ஒன்றைத் திறந்தார். சில வருஷம்தான் ஓடியது. 1963இல் அடுத்தடுத்து இரண்டு வந்தன. ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் காளி பண்டோலின் கேலரி ஒன்று. இன்னொன்று ஜகாங்கீர் கட்டடத்தின் முதல் மாடியில் கெக்கூவும் அவர் மனைவி கோர்ஷெத்தும் திறந்த கேலரி கெமோல்ட். சின்ன இடம். ஃபிரேம் கடை சம்பாதித்துக் கொடுத்தது, கேலரி அதைச் செலவழித்தது என்று வைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

இப்போது அண்ணாச்சி கேட்ட "நமக்கு அங்க என்ன சோலி" என்ற இடத்துக்கு வருகிறேன்.

பூபேன் கக்கர் என்று ஒருவர். இந்த ஊர் கேத்வாடிக்காரர், குஜராத்தி. படித்தது சார்ட்டர்ட் அக்கவுன்டன்சி. பரோடாவுக்குப் போய் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே ஓவியம் வரைந்தார். 1965இல் பம்பாயில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. அதில் அவர் மாட்டியது என்ன தெரியுமா? கடைத்தெருவில் விற்கிற சாமி படங்களை வெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியோடு சேர்த்து ஒட்டி, மேலே பெயின்டால் இழுத்து, சுவரில் கிறுக்குவதுபோல் கிறுக்கியவை. நான் தினமும் ஹார்ட்போர்டு வைத்து ஆணி அடிக்கிறேனே, அதே சாமி படங்கள். அன்றைய ஓவிய விமர்சகர்களில் பலர் பார்க்கவும் கூசியிருக்கக்கூடிய சரக்கு. அப்புறம் எழுபதுகளில் அவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரை வரைந்தார், தையல்காரரை வரைந்தார், முடிதிருத்துபவரை வரைந்தார். ராஜா ராணியை உட்காரவைத்து வரைவதுபோல் அவர்களைப் பெரிய கேன்வாஸில் உட்காரவைத்தார். பின்னால் அலமாரியில் கடிகாரங்கள் வரிசையாகத் தொங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும் என்று நினைக்கத் தோன்றும். 2016இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். அவரை ஆரம்பத்திலிருந்து நம்பி மாட்டிய இடங்களில் முக்கியமானது கெமோல்ட்.

நம் அமைப்புகளின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். டெய்லர், வாட்ச் கடை, சலூன், இட்லிக் கடை, தோல் பட்டறை. அங்கே என்ன சோலி என்று கேட்டீர்களே அண்ணாச்சி, நம் சோலிதான் அங்கே சுவரில் இருக்கிறது.

1975இல் ஜிவ்யா சோமா மாஷேயின் கண்காட்சியை கெமோல்டில் வைத்தார்கள். அவர் தஹானு பக்கத்து வார்லி ஆதிவாசி. வார்லி ஓவியத்தை இப்போது பெட்ஷீட்டில், காபிக் கோப்பையில், ஸ்டேஷன் சுவரில்கூடப் பார்க்கிறோம். குச்சிக் கை, குச்சிக் கால், இரண்டு முக்கோணத்தை முனையில் சேர்த்த உடம்பு, தாரை ஊதுபவரைச் சுற்றி வளையமாக ஆடும் கூட்டம். வார்லி வீடுகளில் பெண்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் மண் சுவரில் அரிசி மாவால் போட்டது அது. நம் வீட்டு வாசல் மாக்கோலத்துக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம். மாஷே அதைச் சடங்கிலிருந்து பிரித்து, தினமும் உட்கார்ந்து, துணியிலும் காகிதத்திலும் வரைந்தார். வலை வீசுவதையும் எறும்புப் புற்றையும் வரைந்தார். கைவினைப் பொருள் கடையில் டஜன் கணக்கில் விற்கக்கூடியதை, ஹுசைனை மாட்டும் அதே சுவரில், ஓர் ஓவியரின் பெயரோடு மாட்டினார்கள். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2011இல். அதாவது 36 வருஷம் கழித்து.

ஓவியர் அதுல் தோடியா காட்கோபரில், வரிசை அறைகள் கொண்ட சால் குடியிருப்பில் வளர்ந்தவர். முதல் தனிக் கண்காட்சி 1989இல், கெமோல்டில். அவர் பின்னால் கடை ஷட்டரிலேயே ஓவியம் வரையத் தொடங்கினார். தினமும் காலையில் கொக்கியை மாட்டி நாம் சடசடவென்று ஏற்றும் அதே இரும்பு ஷட்டர்தான். ஒன்றில் மேலே மகாலட்சுமி. ஷட்டரை ஏற்றினால் உள்ளே தூக்கில் தொங்கும் மூன்று பெண்கள், வரதட்சணை தர முடியாத வீட்டு மகள்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வரதட்சணை ஒழிப்பு என்று பேச்சுப் போட்டி வைக்கிறோம். அந்த ஷட்டர் ஒருமுறை மேலே போகும் சத்தத்துக்கு அத்தனை பேச்சும் ஈடாகுமா என்று எனக்குச் சந்தேகம்.

விற்கும் சரக்கை மட்டும் வைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் கலவரம் வெடித்த 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் சந்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே இருட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கலவரத்தில் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களில் ருமானா ஹுசைன் என்ற ஓவியரும் ஒருவர். அதற்கப்புறம் அவர் தூரிகையைவிட்டு, பிளந்த மண்பானை, கண்ணாடி, புகைப்படம் என்று வேறு பொருள்களால் வேலை செய்யத் தொடங்கினார். கும்பார்வாடாவில் தினமும் நாம் தாண்டிப்போகிற மாதிரிப் பானைதான், ஆனால் இரண்டாகப் பிளந்தது. 1996இல் அவருடைய 'ஹோம்/நேஷன்' கண்காட்சியை கெமோல்டில் வைத்தார்கள். அதை யார் வாங்கி வீட்டு ஹாலில் மாட்டுவார்கள்? லாபம் மட்டும் பார்க்கிற கடை என்றால் அந்த மாசம் விற்கிற சரக்கை அல்லவா வைத்திருக்கும்? கெக்கூவும் அந்தக் கலவரத்துக்குப் பிறகு மொஹல்லா கமிட்டிகள் என்ற பேட்டைக் குழுக்களின் அமைதிப் பணியில் இறங்கி நடந்தவர். எமர்ஜென்சியில் தலைமறைவாக இருந்தவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். பார்சிப் பணக்காரர், பேசாமல் இருந்திருக்கலாம்.

1988இல் கேலரிப் பொறுப்பு அவர் மகள் ஷிரீன் காந்தி கைக்கு வந்தது. ஜகாங்கீர் மாடியில் 44 வருஷம் இருந்துவிட்டு, 2007இல் ஃபோர்ட்டில் பிரஸ்காட் ரோடு குவீன்ஸ் மேன்ஷன் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். கெக்கூ 2012இல் காலமானார். அதற்கடுத்த வருஷம் கோர்ஷெத். அதே வருஷம் கேலரிக்கு 50 நிறைந்தது.

கோடீஸ்வரன் என்று அண்ணாச்சி சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓவியர் தயப் மேத்தாவின் படம் ஒன்று 2002இல் நியூயார்க் ஏலத்தில் ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டியபோது நாடே வாயைப் பிளந்தது. ஹுசைன் 1954இல் வரைந்த 'கிராம யாத்ரா' 2025 மார்ச்சில் ஏறத்தாழ 118 கோடிக்குப் போனது. பேப்பரில் இந்தச் செய்தியைப் பார்த்துத்தான் நமக்குக் கேலரி என்றாலே பயம். ஆனால் அது ஏல வீடு. ஒருவர் முன்பே வாங்கி வைத்திருந்ததை இன்னொருவருக்கு விற்பது. முதலில் நம்பிச் சுவரில் மாட்டியவருக்கு அந்த 118 கோடியில் ஒரு பைசா கிடையாது. தெருமுனையில் விலைபோகாத மனையைக் காட்டிக் காட்டி வாய் வலித்த புரோக்கருக்கும், நாற்பது வருஷம் கழித்து அங்கே வரும் டவருக்கும் என்ன சம்பந்தமோ அதே சம்பந்தம்தான். ஏல வீட்டுப் பணத்தை வைத்துச் சின்ன கேலரிகளை எடைபோடுவது நியாயமில்லை என்பேன். இந்த ஊரில் திறந்து, சத்தமில்லாமல் மூடிய கேலரிகள் நிறைய. கெமோல்ட் நின்றதற்குத் திறமை காரணம், குடும்பச் சொத்தும் ஃபிரேம் தொழிலும் காரணம். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அக்கா கேட்ட கேள்வி இன்னும் பாக்கி. உள்ளே விடுவார்களா?

எனக்கு அப்போது இருபது வயசு இருக்கும். கீழே ஜகாங்கீரில் படம் மாட்டும் ஓர் ஓவியருக்கு ஆறு ஃபிரேம் கொண்டுபோயிருந்தேன். வி.டி. ஸ்டேஷனிலிருந்து தலையில் சுமந்துகொண்டு நடை. வேலை முடிந்ததும் மாடியில் என்ன இருக்கிறது என்று படியேறிவிட்டேன். சட்டையெல்லாம் மரத்தூள். சுவரில் என்ன படம் இருந்தது என்பது மறந்துவிட்டது. மேஜையில் இருந்த அம்மா தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதப் போய்விட்டார், அதுதான் நினைவிருக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. யார் அனுப்பினார்கள் என்றும் கேட்கவில்லை. நான் படத்தின் முன்பக்கம் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது ஓர் ஓரத்தைத் தூக்கி மூலை எப்படிச் சேர்த்திருக்கிறது என்று பின்பக்கமும் பார்த்தேன். இதை நீங்கள் செய்யக் கூடாது.

எல்லா இடமும் அப்படி இல்லை. பல வருஷம் கழித்து வேறொரு கேலரியில் வாசல் காவலாளி என்னைத் தடுத்து, "டெலிவரி பின்பக்கம்" என்றார். கையில் டெலிவரி எதுவும் இல்லை. சும்மா பார்க்கத்தான் போயிருந்தேன். எந்த கேலரி என்பது இங்கே வேண்டாம். அந்த ஆள் பேச்சில் பீகார் வாடை. என்னைப் போல் பிழைக்க வந்தவர்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த வாரம் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன், விட்டுவிட்டார். சட்டைக்குத்தான் மரியாதை என்று அன்று நொந்துகொண்டேன். இப்போது யோசித்தால், நம் ஆட்கள் நாலு பேர் மாசம் ஒருமுறை போய்வந்திருந்தால் அவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது என்று தோன்றுகிறது. அதனால்தான் அக்காவின் கேள்வியைப் பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் வயசு வருவதற்கு முன்பே அவர்களை உள்ளே கூட்டிப் போய்விட வேண்டும் என்கிறேன். பன்னிரண்டு வயசில் ஒரு வாசலைத் தாண்டியவன் நாற்பதில் அதன் முன்னால் தயங்கி நிற்க மாட்டான்.

சரி, போவதற்கான விவரங்கள். நம் சுற்றுலா எப்போதும் ஞாயிறு. ஃபோர்ட், கொலாபா பக்கம் பெரும்பாலான தனியார் கேலரிகளுக்கு ஞாயிறு விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமையாகப் பாருங்கள். பத்து மணிக்குள் யாரும் திறப்பதில்லை, பதினொன்றுக்கு மேல் போய்ச் சேர்ந்தால் போதும். டிக்கெட் கிடையாது, வாங்கு என்று யாரும் துரத்த மாட்டார்கள். புடவைக் கடையில் ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எழுந்து வரும்போது நமக்கு ஒரு கூச்சம் வருமே, அதுகூட இங்கே இல்லை. விலைப்பட்டியல் மேஜையில் இருக்கும். பெரியவர்கள் கேட்டுப் பார்க்கலாம், கேட்பதற்குக் காசு இல்லை. படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளியை எண்ணுவது நல்ல விளையாட்டு. நாற்பது பேரைக் கொண்டுபோய் இறக்காதீர்கள், பதினைந்து பதினைந்தாகப் பிரித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டால், அங்கே இருப்பவர்களில் ஒருவர் கூட நின்று விளக்குவார்கள். இந்தி தெரிந்த பிள்ளைகளுக்குக் கஷ்டமில்லை. சின்னதுகளுக்கு நான் தமிழில் சொல்கிறேன்.

"இது என்ன படம், புரியலையே" என்று பிள்ளை கேட்டால் பெரியவர்கள் சமாளிக்க வேண்டாம். எனக்கும் பாதி புரிவதில்லை. அவர்களையே கேளுங்கள்: இதை வரைந்தவர் எந்த மூலையிலிருந்து தொடங்கியிருப்பார்? நான் கடையில் சும்மா இருக்கும்போது என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள்.

பஸ் செலவில் பாதியை நான் தருகிறேன். காலை ஒன்பதரைக்கு சயான் ஸ்டேஷன் வெளியே நிற்பேன். எண்ணெய்ப் பலகாரத்தைத் திரும்பி வரும்போது கொடுங்கள். போகும்போது கொடுத்தால் பதினைந்து கையும் வெள்ளைச் சுவரில்தான் துடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஃபிரேம் கடைக்காரன்